விளக்குகள் ஒன்றாகும் இடம்

மீன்வரவுப் பதிவேட்டில் நான்காம் கட்டம்:
பிடிபட்ட இடம்.
பதினெட்டு வருடமாக
வீலா வீலா துறையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து
நான் நிரப்புகிற கட்டம்.
நிக்கனோர் கலிசாயாவைக் கேட்டால்
"மீன் இருந்த இடம்" என்பான்.
"உள்ளே" என்று எழுதிக்கொள்வேன்.

எதற்கு உள்ளே?

முன்பு கரையில் இரண்டு கோபுரங்கள் நின்றன.
பெருவுக்கு ஒன்று, சிலிக்கு ஒன்று.
இரவில் படகிலிருந்து பார்க்கும்போது
இரண்டு விளக்குக்கும் நடுவில் இருட்டு இருந்தால்
கவலையில்லை, வலை வீசலாம்.
இருட்டு ஒடுங்கி ஒடுங்கி
ஒன்றின் பின்னால் மற்றது ஒளிந்து
ஒரே விளக்காய்த் தெரிந்தால்
அதுதான் எல்லை.
இரண்டு நாடும் ஒன்றாய்த் தெரிகிற இடத்தில்
எஞ்சினைத் திருப்பிவிட வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்றில் பூமி குலுங்கியது.
எங்கள் கோபுரம் விழுந்தது.
பிறகு இருந்தது ஒற்றை விளக்கு.
ஒற்றை விளக்குக்கு
எங்கே நின்றாலும் எல்லைதான்.
அந்த வருடம் செகுந்தினோவின் படகை
அரிக்காவுக்கு இழுத்துப் போனார்கள்.
எட்டாம் நாள் திரும்பினான்.
பனிக்கட்டி உருகி, மீன் நாறி,
பெட்டிக்கடியில் ஒரு அபராதச் சீட்டு
மொடமொடவென்று காய்ந்து கிடந்தது.

வழக்கு வெகுதூரம் போனது.
மழை பெய்யும் ஏதோ ஊரில்
கறுப்பு அங்கி போட்டவர்கள் வரைபடத்தை விரித்தார்கள்.
கரை அரிக்காவில் முழங்கைபோல் மடங்குகிறது,
அதனால் இரு கரைக்கும் சமதூரத்தில்
கோடு கிழியுங்கள் என்றோம் நாங்கள்.
எல்லைக்கல்லிலிருந்து நூல் பிடித்தாற்போல்
நேரே மேற்கே போகட்டும் என்றார்கள் அவர்கள்.
தண்ணீர் கடைசியாக வடிந்து நிற்கும் விளிம்பைத்தான்
சட்டம் கரை என்கிறதாம்.
கடல் இல்லாத நேரம் பார்த்துத்தான்
கடலை அளக்கத் தொடங்குகிறார்கள்.

ஜனவரியில் தீர்ப்பு.
தொமித்தீலாவின் சாப்பாட்டுக் கடையில்
தொலைக்காட்சிக்கு முன் துறை முழுவதும் கூடியிருந்தது.
இரண்டு மணி நேரம் வாசித்தார்கள்.
மொழிபெயர்ப்பாளரின் குரல் இருமியது.
எண்ணெயில் மீன் கருகியது, யாரும் எழவில்லை.
எண்பது மைல்வரை நேர்கோடு,
அதற்கப்பால் கோடு எங்கள் பக்கம் தாராளமாக வளைகிறது.
லீமாவில் கொடி அசைத்தார்கள்.

ஏன் எண்பது?
ஐம்பதுகளில் இந்தக் கரைப் படகுகள்
எவ்வளவு தூரம் போய் மீன் பிடித்தன என்று
தேடிப் பார்த்தார்களாம்.
எனக்கு முன்னால் யாரோ ஒருத்தி,
அல்லது யாரோ ஒருவன்,
பகல் தூக்கத்துக்கு நடுவே
நான்காம் கட்டத்தை நிரப்பியிருப்பார்.
அது தனக்கெதிரான சாட்சியாகும் என்று
யார் நினைத்தார்?

நிக்கனோர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.
"நாம எவ்வளவு தூரம் போறோம்?"
"எண்ணெய் இருந்தா பதினைஞ்சு."
சுளையை வாயில் போட்டுக்கொண்டான்.
தாராளம் எண்பதுக்கு அப்பால் இருந்தது,
அங்கே போகிற கப்பல்களுக்கு.

அடுத்த ஞாயிறு தெற்கே நடந்தேன்.
பத்திரிகையில் போட்டிருந்த துண்டு நிலம்,
மணல் எங்களுடையது, அலை அவர்களுடையதாம்.
ஒரு காலணி, ஒரு மிதவை, பறவை எச்சம்.
அலை ஏறும்போதெல்லாம் என் நாடு
இரண்டு முழம் குறைந்தது.
வடியும்போது ஈரமாய்த் திரும்பி வந்தது.
நான் கணக்கெழுதுகிறவள்;
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று புரியவில்லை.
காற்று பலமாகி, கண்ணில் மணல் விழுந்ததும்
திரும்பிவிட்டேன்.

திங்கள் காலை.
லோர்னா மீன், நாற்பத்தொரு கிலோ.
தராசு முள் ஆடி நிற்கும்வரை காத்திருந்து
"இடம்?" என்றேன்.
நிக்கனோர் யோசித்தான்.
முதல் தடவையாக யோசித்தான்.
"எண்பத்தொண்ணுன்னு போடு.
இன்னும் அறுபது வருஷம் கழிச்சு
யாராவது வந்து புரட்டிப் பார்ப்பாங்க."